பொதுச் சேவைக்கு எந்த இயங்குதளம்?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்தை அரசு மேற்கொண்டிருக்கும் இந்நாளில், கம்பி எப்போது வரும் என்று விசாரிக்கிறவர்கள் எங்கள் பெரியகுளம் வட்டாரத்தில் அநேகர். அக்கம்பியின் முனையில் இருந்து சேவை செய்யும் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கவேண்டும் என்று சிந்திக்கிறவர்களோ மிகச் சிலர். ஊர் நன்மையைக் கருதுகிறவர்கள் முதலில் யோசிக்கவேண்டிய விஷயம் அதுவே என்பது என் அபிப்பிராயம். இதற்குத் தொலைபேசி வழியே இணையம் வந்த காலத்தின் அனுபவமே போதிய பிரமாணமாகும்.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பெருநகரங்களில் இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது படமில்லாத, எழுத்து மட்டுமே தெரியும் 'ஷெல்' கணக்கு. மோடம் மூலம் தூரத்து யூனிக்ஸ் யந்திரத்தில் நுழைந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கடிதம் எழுதிய அந்த இளைஞர்கள், அந்த யந்திரம் வேலை செய்யும் விதத்தையும் தங்களை அறியாமலே கற்றுக்கொண்டார்கள். 1998-இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தபின், இச்சேவையை நடத்த முன்வந்தவர்கள் முன்னால் விண்டோஸ் என்டி ஒருபுறமும், யூனிக்ஸ் முறையைப் பின்பற்றிய லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவை மறுபுறமுமாக நின்றன.

அந்தச் சேவை நடந்த முறையைச் சற்று விளக்குவது அவசியம். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு லைனும் ஒரு மோடமும் வேண்டும். அழைப்பை மோடம் ஏற்றதும், கணினி பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, 'ரேடியஸ்' என்னும் முறைப்படி சரிபார்த்து, ஒரு முகவரியை வழங்கி, இணைப்பு தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். முன்பணம் கட்டி வாங்கியது மணிக்கணக்கான நேரமே ஆதலால், நடுவில் யந்திரம் ஸ்தம்பித்துவிட்டால் எல்லோருடைய இணைப்பும் அறுந்துபோவதோடு அவர்களுடைய கணக்கும் குழம்பிப்போகும்.

விண்டோஸ் என்டி 4.0 சர்வர் ஏககாலத்தில் 256 அழைப்புகள் வரை ஏற்கவல்லதாய் இருந்தது. திரையில் சுட்டியைக் கொண்டே அதைச் சுலபமாக அமைத்துவிட முடிந்தது. ஆகையால் சிற்றூருக்கு அது போதவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அதன் மூலநிரல் பூட்டப்பட்டது. அதற்குள் பிழை நேர்ந்தால் தயாரித்த கம்பெனி திருத்தி அனுப்பும்வரை காத்திருப்பதன்றி வேறு மார்க்கம் இருக்கவில்லை. லினக்ஸிலோ, மோடம் எடுக்கவில்லையா, கடவுச்சொல் பொருந்தவில்லையா, முகவரி கிடைக்கவில்லையா என்பது சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாகப் பதிவாகிவிடும்; அதைப் படித்துக் காரணம் கண்டு, அவசியமானால் நிரலையே திருத்திக்கொள்ளும் சுதந்திரமும் உண்டு. கண்மாய் மடையின் பலகையை ஊர் நீர்பாய்ச்சியே ஏற்றி இறக்க முடிந்தால்தான் கடைமடை வயலுக்கும் வேளையில் தண்ணீர் சேரும். பொதுச் சேவைக் கணினிக்கும் அதுவே தர்மம்.

இது வெறும் ஆசை அன்று. குமுளி மலைக்கு அப்பால் கேரள அரசு தன் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநிறுத்தி, ஆசிரியர்களையும் அதில் பயிற்றுவித்திருக்கிறது. சென்னையிலுள்ள சி-டாக் என்னும் அரசு ஆய்வு ஸ்தாபனம் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி, தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் உபயோகிக்கும்படி செய்திருக்கிறது. சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை, தீர்மானந்தான் வேண்டும்.

ஆகவே ஊராட்சிகளின் சேவைக் கணினிகளுக்கு டெண்டர் கோரும்போதே, மூலநிரல் திறந்த இயங்குதளமே வேண்டும் என்ற நிபந்தனையை அரசு எழுதிச் சேர்க்கவேண்டும். பராமரிப்புக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கச் செலவிடவேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் சேவையைப் பழுதுபார்க்கும் உரிமையும் வித்தையும் அந்த ஜனங்களுக்கே சேரவேண்டியவை. இதை இப்போதே வற்புறுத்துவது நம் கடமை.