ரத்தத்துக்கு விலக்கு இல்லையா?

எம்.ஏ. தமிழ் படிச்சவனுக்கு மூளை ஆராய்ச்சி பற்றி என்ன தெரியும் என்பார்கள். எனக்குச் சட்டம் வாசிக்கத் தெரியும். மத்தியக் கல்வி நிறுவனச் சேர்க்கையில் இடஒதுக்கீடு தந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், தன் அட்டவணையில் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. மும்பை டாடா நினைவு மையமும் மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் அதில் உண்டு. சிறப்பு மிக்க நிறுவனங்களாம். நம்ம பிள்ளை நுழைஞ்சா சிறப்பு கெட்டுப்போகுமோ?

இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதுவும் பல மாதம் தள்ளி வருவதுண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்கும்; கூலிக்காரன் பிள்ளை ஊர் திரும்பும். இதற்குப் பெயர் தகுதி.

சோதனைக்கு நம் ரத்தம் வேணும். ஆய்வகம் கூட்ட நம் கை வேணும். நுண்ணோக்கியில் பார்க்க மட்டும் நம் கண் ஆகாதா? அந்த அட்டவணையைக் கிழியுங்கள்.