‘நாளைக்குக் காலையில வேணும்!’ – அவசர மொழிபெயர்ப்பின் விலையைக் கொடுப்பது யார்?

ஸ்ரீவைகுண்டத்துக்காரரான குமரகுருபரர் காசிக்குப் போனார். முகலாய ஆட்சியாளரிடம் பேச அவருக்கு இந்துஸ்தானி தேவைப்பட்டது. கலைமகளை வேண்டி ‘சகலகலாவல்லி மாலை’ பாடினார், மொழி உடனே கைவந்தது. அந்த 17ஆம் நூற்றாண்டுப் புலவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது.

அப்படியொரு வரம் கிடைக்காத ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்களிடமும் இன்றைய சந்தை அதே வேகத்தைத்தான் கேட்கிறது. ராத்திரி 9 மணிக்கு ஃபைல் வரும். கூடவே ஒரு மெசேஜ்: “அர்ஜென்ட். நாளைக்குக் காலையில வேணும்.” ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு லேப்டாப்பும் இணையமும் இருந்தால் பெங்களூரு நிறுவனத்துக்கு வேலை செய்யலாம் என்பது நல்ல விஷயம்தான். ஆனால், அந்த அவசரத்தில் உருவாகும் தமிழ் எப்படி இருக்கிறது? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

பிரஷர் இருந்தால்தானே வேலை நடக்கும்?

பாதி உண்மை. உளவியலாளர்கள் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் இருவரும் 1908இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எளிதான வேலையைக் கற்றுக்கொள்ள கூடுதல் அழுத்தம் உதவியது. கடினமான வேலையிலோ, அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் கற்றல் கெட்டது. மனிதர்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். டெட்லைனே இல்லாத வேலை இழுத்துக்கொண்டே போகும். டெட்லைன் கழுத்தை நெரித்தால் வேலை முடியும், ஆனால் சரியாக முடியாது.

இதைவிடக் கவலைக்குரிய தகவல் ஒன்று உண்டு. மேடைப் பேச்சை உடனுக்குடன் மொழிமாற்றிச் சொல்பவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. சுமார் 30 நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து பேசியவர்களிடம் பிழைகள் கூடின. தங்கள் தரம் இறங்கியதை அவர்கள் உணரவே இல்லை. அதனால்தான் சர்வதேச மாநாடுகளில் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். எழுத்து மொழிபெயர்ப்பு வேறு வகை வேலைதான். ஆனால், விடியற்காலை 2 மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ‘போதும், நான் மாத்திக்கிறேன்’ என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

தமிழில் ஏன் கூடுதல் சிக்கல்?

முதல் காரணம், வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வரும் வினைச்சொல் தமிழில் கடைசியில் வரும். அதனால் முழு வாக்கியத்தையும் படித்து மனதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் முதல் சொல்லை எழுத முடியும். நேரம் இல்லாதவர் படிக்கப் படிக்கவே எழுதத் தொடங்குவார். ஆங்கில எலும்புக்கூட்டுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியது போன்ற வாக்கியங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இரண்டாவது, மரியாதை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரே ஆப்பில் முதல் திரை ‘உள்நுழையவும்’ என்று பணிவாகக் கேட்கும், அடுத்த திரை ‘உன் கடவுச்சொல்லை மாற்று’ என்று அதட்டும். கடைசியாக ஒருமுறை முழுவதையும் வாசிக்க யாருக்கும் நேரம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

மூன்றாவது, காசு. ‘செய்யவேண்டியிருக்கும்’ என்பது தமிழில் ஒரே சொல். அதே பொருளுக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் வேண்டும். கூலியைத் தமிழ்ச் சொல் எண்ணிக்கையில் கணக்கிட்டால், உழைப்பு அதே அளவு இருக்க, வருமானம் மட்டும் சுருங்கும்.

ஒரு சொல்லுக்கு எத்தனை விநாடி?

ஐ.நா.வில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு நீண்ட காலம் இருந்த வேலை அளவு நாளொன்றுக்கு 1,650 சொற்கள். அங்கே மாதச் சம்பளம் உண்டு. கலைச்சொல் தேட உதவியும் உண்டு.

ஃப்ரீலான்ஸரின் கணக்கு வேறு. உதாரணத்துக்கு, ஒரு சொல்லுக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 ரூபாய் சம்பாதிக்க 2,000 சொற்கள். 8 மணி நேர வேலையில் ஒரு சொல்லுக்குச் சுமார் 14 விநாடிகள் கிடைக்கும். அகராதி பார்ப்பது, யோசிப்பது, திருத்துவது எல்லாம் அதற்குள்தான். கூலி 50 பைசா ஆனால், அதே வருமானத்துக்கு 4,000 சொற்கள். இப்போது ஒரு சொல்லுக்கு 7 விநாடிகள்தான். குறைந்த கூலியும் ஒருவகை டெட்லைன்தான். வெளியில் தெரியாது, அவ்வளவே.

ஏ.ஐ. வந்தால் சுலபமாகிவிடாதா?

மெஷின் முதல் வரைவைத் தந்துவிடும். ‘சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க’ என்று கூலியைக் குறைப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. ஆனால், சரளமாகத் தெரியும் தப்பைக் கண்டுபிடிக்க, மூலத்தையும் தமிழையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும். பல சமயம் புதிதாக எழுதுவதே வேகமாக முடிந்துவிடும். 2021இல் ‘ஸ்க்விட் கேம்’ தொடரின் ஸ்பானிய சப்டைட்டிலை மெஷினில் போட்டு ஆளை வைத்துத் திருத்தியதாகச் சொல்லி, ஸ்பெயினின் ஒலி-ஒளி மொழிபெயர்ப்பாளர் சங்கம் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தது.

பிழை வந்தால் யார் தலையில் விடியும்?

2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாள் ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் 180 கேள்விகள். அவற்றில் 49இல் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக வழக்கு வந்தது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது. கேள்விக்கு 4 மதிப்பெண் வீதம் 196 கருணை மதிப்பெண்கள் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலை 10 அன்று உத்தரவிட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த உத்தரவு பின்னர் ரத்தும் ஆனது.

தமிழில் எழுதியவர்கள் சுமார் 24,000 பேர். தேர்வு நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தமிழ் மாணவர்கள் மட்டும் கேள்விக்குப் பதில் தேடும் முன் கேள்வியையே தேட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பில் மிச்சம் பிடிக்கும் நேரத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பது எழுதியவரும் அல்ல, எழுதச் சொன்னவரும் அல்ல. வாசிப்பவர்தான்.

இந்தக் கடற்கரைக்கு இது புதுசா?

இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு சில மாதங்களிலேயே ஜெபங்களைத் தமிழாக்கினார். பின்னர் அதைச் சரிபார்த்தபோது, ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்தது. விசுவாசப் பிரமாணமே விண்ணப்பமாக மாறியிருந்தது!

பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் அவசரப்படவில்லை. தமிழைப் படித்தார், இலக்கணக் குறிப்புகள் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல்தான் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. வெறும் 16 பக்கம். ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து ஓடும் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் அவர் பல ஆண்டுகள் இருந்தார். முதல் ஜெபம் கெட்டதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த இன்னொரு ஜோடிக் கண்கள் அப்போது இல்லை, அவ்வளவுதான்.

அப்போ என்னதான் செய்யலாம்?

வேலை கொடுப்பவர்கள் முதலில். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தர அளவுகோலின்படி, ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது கட்டாயம். இரண்டாவது ஆளுக்கான நேரமும் கூலியும் பட்ஜெட்டில் இல்லையென்றால், வாங்குவது மொழிபெயர்ப்பு அல்ல, அதன் முதல் வரைவு மட்டுமே. மருந்துச் சீட்டு, கடன் ஒப்பந்தம், தேர்வுத்தாள் போன்றவற்றில் அந்த இரண்டாவது வாசிப்பை அரசு நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கையில் சில பிடிகள் உண்டு. கூலி மூலச் சொல் எண்ணிக்கையிலா, தமிழ்ச் சொல் எண்ணிக்கையிலா என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஒருநாள் வேலைக்கு அவசரக் கட்டணம் கேளுங்கள், அது பேராசை அல்ல. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்ய கட்டணம் இல்லை. பதிவு செய்தவர்களுக்கு, 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம்.

‘நாளைக்குக் காலையில வேணும்’ என்று கேட்பதில் தப்பில்லை. ‘யார் சரிபார்ப்பார், அதற்கு எவ்வளவு’ என்ற இரண்டு வரியும் அதே மெசேஜில் இருக்க வேண்டும். அவை இல்லாத அவசர வேலையை மறுக்கும் மொழிபெயர்ப்பாளர், வாசகருக்கு வேண்டியதைத்தான் செய்கிறார்.