வாசியாது நிறுவுதல் கல்வியாகுமா?

சாளரமோ சுட்டியோ இன்றி, எழுத்துக்களால் மாத்திரமே இயங்கும் யுனிக்ஸ் வகைக் கணினியில் நிரல்மொழியொன்றை நிறுவ முனையும் மாணவருக்கு இன்று தாராளமாக வழங்கப்படும் அறிவுரை ஒன்றுண்டு: "இந்த ஒற்றை வரியைப் பிரதிசெய்து இடுக." அவ்வரி செய்வது யாது? எங்கோ உள்ள கட்டளைக் கோப்பொன்றைத் தரவிறக்கி, நாம் வாசிக்குமுன்னரே ஷெல்லிடம் ஒப்படைத்து இயக்குவிக்கின்றது. பல வேளைகளில் 'ரூட்' எனும் முழு அதிகாரத்துடனேயே இது நிகழ்கின்றது. இதனை எளிமை என்பர் சிலர். கண்மூடித்தனம் என்பதே பொருந்தும்.

மூலநிரலிலிருந்து நிறுவும் பழைய முறையை நோக்குக. பொதியைத் தரவிறக்கல், சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடல், பொதியை விரித்தல், உள்ளிருக்கும் குறிப்பை வாசித்தல், சாதாரண பயனராக நின்று 'மேக்' கட்டளையால் தொகுத்தல், இறுதிப் படியில் மாத்திரம் ரூட் அதிகாரத்தைக் கோரல் என அது படிப்படியாகச் செல்லும். ஒவ்வொரு படியிலும் நின்று சிந்திக்க இடமுண்டு. ஒற்றை வரி பறித்துக்கொள்வது அவ்விடத்தையே.

"வல்லுநர் ஆக்கியதை ஐயுறுவதேன்?" என வினவுவோர் 2024 மார்ச்சில் நிகழ்ந்ததை மறத்தலாகாது. 'எக்ஸ்-இசட்' எனும் தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் இரகசியப் பின்கதவொன்று புகுத்தப்பட்டிருந்தது. அதனை இயக்கிவைக்கும் பகுதி பொதுவிலிருந்த மூலக் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுப் பொதியிலேயே இருந்தது. சரிபார்ப்புத் தொகையும் இங்கு உதவியிராது. பொதி வழியில் மாறவில்லை என்பதை அது கூறுமேயன்றி, பொதியின் நேர்மையைக் கூறாது. தொலைவிலிருந்து கணினியுள் நுழைய ஏறத்தாழ அரை விநாடி அதிகமாவதை அவதானித்து, காரணத்தைத் தேடிச் சென்றவர் அன்ட்ரெஸ் ஃபிரொய்ண்ட் எனும் பொறியியலாளர். அவரும் "இயங்கினாற் போதும்" என்று இருந்திருப்பின் விளைவு யாதாகியிருக்கும்?

அனைத்தையும் ஒருவரே வாசித்தல் இயலாது என்பது உண்மையே. ஆயினும் எவருமே வாசியாத சமூகம் பிறர் தயவிலேயே வாழவேண்டியதாகும்.

கலைப்பீடத்தினராகிய எமக்கு இவ்வொழுக்கம் அந்நியமானதன்று. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கையிற் கிட்டிய ஏட்டை அப்படியே அச்சேற்றினாரல்லர். பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார். பாடபேதம் பார்க்கக் கற்ற நாம், எமது கணினிக்குள் நுழையும் பிரதியை மட்டும் பாராது ஏற்பது எவ்வகையில் நியாயம்? முதலில் கோப்பைத் தரவிறக்குவோம், திறந்து வாசிப்போம், இயக்குவதா என்பதைப் பின்னர் தீர்மானிப்போம்.