பிரசவம் பார்க்கப் போகிறீர்களா? ஒரு ஜோடி ஷூ வாங்குங்கள்!

வெளிநாட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் என் வயதுத் தோழிகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "ஆறு மாசம் ஜெயில்தான் போ! சமையற்கட்டு, குழந்தைத் துணி, ஜன்னல். பேச ஒரு மனுஷி கிடையாது" என்பார்கள். நானும் அதையேதான் பாடியிருப்பேன். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்து போய் முதல் ஆறு வாரம் எனக்கும் அப்படித்தான் கழிந்தது. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் அப்போது குடியிருந்தது பட்டணம் இல்லை. லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், சர்ரே மாவட்டத்தில் உள்ள தர்ஸ்லி என்ற சின்னக் கிராமம். பழைய சர்ச், கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் காடு. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு அங்கே கால் இல்லாத மாதிரிதான். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிவிட்டால் நானும் மகளும் பச்சைக் குழந்தையும் நாலு சுவரும்.

மே மாதம் ஒருநாள் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கப் போனேன். தெருக்கோடியில் ஒரு மரக் கம்பம். அதில் 'பொது நடைபாதை' என்று பலகை. அது கை காட்டிய பாதை இரண்டு வீட்டு வேலிகளுக்கு நடுவே நுழைந்து போயிற்று. யாரோ வீட்டுக் கொல்லைக்குள் போகிற மாதிரி இருந்தது. மகளைக் கேட்டேன். "அதுல யார் வேணா போலாம்மா. ஆனா நீ தனியா போகாத, தொலைஞ்சு போயிடுவ" என்றாள். 2004 மகாமகக் கூட்டத்தில் இவள் கையை விடாமல் கூட்டி வந்தவள் நான்! என்னைப் பார்த்து இப்படிச் சொன்னதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் குழந்தை தூங்கியதும் கிளம்பிவிட்டேன்.

வேலியைத் தாண்டி, ஒரு வயல் ஓரமாகப் போய், ஓக் மரத் தோப்பு ஒன்றைக் கடந்ததும் திடீரென்று வானம் திறந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல் தரை, முழங்கால் உயரப் புதர்கள், அங்கங்கே பைன் மரங்கள். இதை 'ஹீத்' என்கிறார்கள். மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கோர்ஸ் என்ற முள் புதருக்குப் பக்கத்தில் போனால் தேங்காய் பர்பி கிளறுகிற வாசனை! பொய்யில்லை, அந்தப் பூவுக்கு அப்படித்தான் மணம். புடவைத் தலைப்பு அதன் முள்ளில் மாட்டி நூல் பிரிந்ததுதான் முதல் நாள் செலவு. அடுத்த நாளிலிருந்து மகளுடைய பழைய சுடிதார்.

இந்த நிலம் தானாக உண்டானதில்லையாம். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் காட்டை வெட்டி, ஆடு மாடு மேய்த்து, ஜனங்கள் உண்டாக்கியது. ரொட்டி அடுப்புக்குக் கோர்ஸ் விறகு, துடைப்பத்துக்கும் கூரைக்கும் ஹெதர் செடி, மாட்டுக்குப் படுக்கை போடப் பெரணி என்று ஏழைக் குடும்பங்கள் இங்கிருந்துதான் பிழைத்திருக்கின்றன. நம் ஊர் மேய்ச்சல் நிலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேய்க்காமல் விட்டால் பிர்ச்சும் பைனும் முளைத்துக் காடாகிவிடும் என்பதால் இன்றைக்கும் மாடுகளை விட்டிருக்கிறார்கள். மகள் மாட்டைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பாள். எனக்கு அங்கே பழக்கப்பட்ட முகம் அது ஒன்றுதான்!

நான் அதிசயப்பட்டது அழகைப் பார்த்து அல்ல, அந்தப் பாதையின் உரிமையைப் பார்த்து. வயல் ஒருவருக்குச் சொந்தம், அதன் நடுவே நடக்கும் உரிமை ஊருக்குச் சொந்தம். சொந்தக்காரர் வேலி போட்டு மறிக்க முடியாது. விதைப்பதற்காகப் பாதையை உழுதுவிட்டால் 14 நாளுக்குள் திரும்பச் சீர்படுத்திக் கொடுக்க வேண்டும். ஜனங்கள் 20 வருஷம் தடையில்லாமல், ஒளிவு மறைவில்லாமல் நடந்த தடத்தைப் பொதுப்பாதை என்று கேட்டு வாங்கவும் சட்டம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதைகள் இருக்கின்றன. 2000-ம் ஆண்டு வந்த சட்டம், வரைபடத்தில் குறித்த ஹீத் நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்கிறது. யாரும் "எங்கே போறே, என்ன வேலை?" என்று கேட்கவில்லை. அறுபது வயசில் முதல் தடவையாக ஒரு வேலையும் இல்லாமல் வெளியே போயிருக்கிறேன். கோயிலுக்கு இல்லை, காய்கறிக்கு இல்லை, ரேஷனுக்கு இல்லை. சும்மா!

நாலாம் நாள் மகள் சொன்னது பலித்துவிட்டது. மணல் பாதைகள் எல்லாம் ஒன்று போலவே இருக்க, வந்த வழி புரியவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. கண்ணில் நீர் முட்டிய நேரத்தில் எழுபது வயது வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் நாயோடு வந்தார். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் பாதிதான் பொருந்தின. பையிலிருந்து ஒரு மேப்பை எடுத்து ஒரு மரக்கட்டையின் மேல் விரித்தார். நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு வேலியும் அதில் இருக்கிறது. பச்சைப் புள்ளிக் கோடெல்லாம் பாதை. கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பத்தே நிமிஷத்தில் பாடம் முடிந்தது. கோலம் போடத் தெரிந்தவளுக்கு மேப் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சகோதரிகளே. புள்ளியையும் கோட்டையும் நாம் பார்க்காததா?

அன்று வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. "உன்னைக் காணோம்னு நான் பட்ட பாடு தெரியுமா?" என்று மகள் கத்தினாள். "அப்படின்னா நீயும் வாயேன்" என்றேன். மறுநாள் குழந்தையை மார்போடு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்ற பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வாசலைத் தாண்டியது அன்றுதான். ஒற்றையடிப் பாதை, நான் முன்னே, அவள் பின்னே. பிர்ச் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, ராத்திரியெல்லாம் அழுதுட்டே இருக்கேன். இந்தக் குழந்தையைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலை. நான் நல்ல அம்மா இல்லையோ?" நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் நிறுத்தியிருப்பாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரமே டாக்டரிடம் போனோம். அது ஒரு வியாதி, நிறையப் பேருக்கு வருவது, குணமாகக்கூடியது என்று பக்குவமாகச் சொல்லி வைத்தியம் பார்த்தார்கள். நடையால் குணமாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். வாயைத் திறக்க அந்தப் பாதை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு சனிக்கிழமைகளில் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். பக்கத்தில் ஹைட்ன்ஸ் பால் என்ற குன்றில் ஒரு கல் இருக்கை இருக்கிறது. ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணியின் ஞாபகமாக வைத்தது. ஏழைகளுக்கு வீடு வேண்டும், அவர்கள் உட்கார ஒரு திறந்தவெளியும் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். 1895-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கிய மூவரில் ஒருவர். அந்தக் கல்லில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ஆகஸ்டில் ஹெதர் பூத்து, தரையெல்லாம் கத்திரிப்பூ நிறம்!

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வேலியை ஏறித் தாண்டும் மரப்படி முழங்காலை வாங்கிவிடும். மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. கழிப்பறை கிடையாது. பெரணிப் புதரில் உண்ணி இருக்கும், கால் முழுக்க மூடிப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடர் என்ற விஷப்பாம்பும் உண்டு, மிதிக்காமல் நடந்தால் அது தன் பாட்டுக்குப் போய்விடும். நெருப்பு விஷயத்தில் படு கண்டிப்பு. 2020-ல் இந்தத் தர்ஸ்லி ஹீத்தில் பெரிய தீ பிடித்து நிறைய எரிந்து போயிருக்கிறது. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால் மார்ச் முதல் ஜூலை வரை நாயைக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும்.

"வயசான காலத்தில் தனியாக அனுப்புவதா?" என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பயம் நியாயம்தான். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு விசில், தண்ணீர், மேப், போதும். மகள்களே, மருமகள்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவை வரவழைக்க டிக்கெட் போடும்போது அந்த ஊர் மேப்பையும் வாங்கி வைத்து, முதல் வாரமே கூட நடந்து வழி காட்டுங்கள். அவளுக்கு டி.வி. சீரியலைப் போட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

ஷூவை இங்கிருந்து வாங்கிப் போக வேண்டாம். அடி வழுக்காத, தண்ணீர் புகாததாக அங்கேயே வாங்குங்கள், அரை அளவு பெரிதாக. தடித்த காலுறைக்கு இடம் வேண்டும், நடந்தால் காலும் வீங்கும். என்னுடையது இப்போது எதிர் வீட்டு மாமியிடம் இருக்கிறது. அடுத்த மாதம் அவர் தன் மருமகளுக்குப் பிரசவம் பார்க்கக் கிளம்புகிறார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.