எல்லா ஊருக்கும் டீம்... நம்ம ஊருக்கு எப்போ? டி.என்.பி.எல். வரைபடத்தில் காணாமல் போன வட மாவட்டங்கள்

திருவண்ணாமலை:

டி.என்.பி.எல். சீசன் வந்துவிட்டால் திருவண்ணாமலை டீக்கடைகளில் ஒரே கேள்விதான். "எல்லா ஊருக்கும் டீம் இருக்கு, நமக்கு மட்டும் ஏன் இல்லை?"

"அடுத்த வருஷம் ரெண்டு புது டீம் சேர்க்கிறாங்களாம்" என்று ஒருத்தர் கிளப்பிவிடுவார். "அதுல ஒண்ணு வேலூராம்" என்பார் இன்னொருத்தர். "வேலூருக்கா? அப்போ அண்ணாமலையார் ஊரு என்ன பாவம் செஞ்சுது?" என்று மூணாவது ஆள் எகிறுவார். அவ்வளவுதான். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

வதந்தி ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கு என்ன சொல்கிறது?

தமிழ்நாடு பிரிமியர் லீக் 2016-ல் 8 அணிகளோடு தொடங்கியது. 2025 சீசன் வரை அதே 8 அணிகள்தான். ஒன்றுகூட கூடவில்லை, ஒன்றுகூட குறையவில்லை. ஆனால் அணிகளின் ஊர்ப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் பெரிய அடி விழுந்தது வட மாவட்டங்களுக்குத்தான்.

வடக்கே இருந்ததும் போச்சு!

முதல் வருஷம் இருந்த 8 பெயர்களை நினைவுபடுத்திப் பார்க்கலாம். சேப்பாக்கம், கோவை, மதுரை, திண்டுக்கல், தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர். சென்னையை விட்டுவிட்டால் வடக்கே இரண்டு அணிகள் இருந்தன.

காஞ்சி வாரியர்ஸ் அடுத்த வருஷமே, 2017-ல், திருச்சி வாரியர்ஸ் ஆனது. திருவள்ளூர் வீரன்ஸ் 2018-ல் காஞ்சி வீரன்ஸ் என்று பெயர் மாறியது. சரி, காஞ்சிக்காவது ஒரு அணி மிஞ்சியதே என்று ரசிகர்கள் ஆறுதல் அடைந்தார்கள். கொரோனாவால் 2020-ல் போட்டி நடக்கவில்லை. 2021-ல் மறுபடி தொடங்கியபோது காஞ்சி அணியும் நெல்லை ராயல் கிங்ஸ் ஆகிவிட்டது.

அதே வருஷம் இன்னும் இரண்டு அணிகள் இடம் மாறின. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் போய் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் வந்தது.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையை விட்டுக் கிளம்பினால் சேலம் அல்லது திருச்சி போகிற வரைக்கும் வழியில் ஒரு அணியும் கிடையாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் என்று 10 மாவட்டங்கள். எந்த மாவட்டத்தின் பெயரிலும் டீம் இல்லை.

அந்தப் பக்கம் கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். இரண்டு ஊருக்கும் தனித்தனி டீம். மதுரையும் திண்டுக்கல்லும் பக்கத்துப் பக்கத்து ஊர். அங்கேயும் ஆளுக்கு ஒன்று. டீக்கடையில் வயிறு எரிவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சாம்பியன் ஊரையே காணோம்

நல்லா ஆடினால் ஊர் பெயர் நிலைக்கும் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. 2016-ல் முதல் கோப்பையைத் தூக்கியதே தூத்துக்குடிதான். 2017-லும் இறுதிப்போட்டி வரை வந்து சேப்பாக்கம் அணியிடம் தோற்றது. அப்படிப்பட்ட அணியின் ஊர்ப் பெயர் இன்றைக்கு லீக்கிலேயே இல்லை.

காரைக்குடி கதை இன்னும் வேடிக்கை. அந்த அணிதான் திருப்பூர் தமிழன்ஸ் ஆகி, 2025 இறுதிப்போட்டியில் திண்டுக்கல்லை அதன் சொந்த மைதானத்திலேயே 118 ரன் வித்தியாசத்தில் சுருட்டி கோப்பையைத் தட்டியது. காரைக்குடி ரசிகர் கை தட்டுவதா, கண்ணைத் துடைப்பதா?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ஐ.பி.எல்.லில் 2011-ல் கொச்சியும் புனேயும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. கொச்சி ஒரே சீசனில் மூட்டை கட்டியது. புனே 2013-ஓடு விலகியது. பிறகு 2022-ல் லக்னோவும் குஜராத்தும் வந்தன. லக்னோ அணி மட்டும் போன விலை 7,090 கோடி ரூபாய்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டிலேயே இந்தக் கூத்து நடக்கிறது. பசிபிக் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கென்று 1915-ல் தொடங்கிய ஒரு லீக் இருந்தது. டி.வி. ஒப்பந்தப் பணம் வேறு லீக்குகளில் அதிகம் என்பதால் 12 கல்லூரிகளில் 10 கல்லூரிகள் 2024-ல் கிளம்பிப் போய்விட்டன. மிச்சம் நின்றது இரண்டே இரண்டு. பசிபிக் கரையோர மாநிலமான கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம், இப்போது நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் அட்லாண்டிக் கடற்கரை லீக்கில் ஆடுகிறது. ஊருக்கும் லீக்குக்கும் சம்பந்தமே இல்லை. அங்கேயும் ரசிகர்கள் இப்படித்தான் மாய்ந்து மாய்ந்து சண்டை போடுகிறார்கள்.

ஆக, பெயர் என்பது பேப்பரில் இருப்பது. பணம் போட்டவர் நினைத்தால் மாற்றிவிடலாம். அப்படியென்றால் மாறாதது எது?

கிரவுண்டு இருக்கிற ஊருக்கு ஆபத்தில்லை

இங்கேதான் யாரும் அதிகம் பேசாத விஷயம் இருக்கிறது. டி.என்.பி.எல். போட்டிகள் 8 ஊர்களிலும் நடப்பதில்லை. 2025 வரை போட்டி நடந்த ஊர்கள் ஐந்தே ஐந்து. சென்னை சேப்பாக்கம், திண்டுக்கல் மாவட்டம் நத்தம், நெல்லை சங்கர் நகர், கோவை, சேலம் வாழப்பாடி.

இந்த ஐந்து ஊர்களுக்கும் இன்றைக்கு டீம் இருக்கிறது. ஒரு ஊரின் பெயர்கூட அழிக்கப்படவில்லை.

பெயர் அழிந்த ஊர்களைப் பாருங்கள். தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர். இந்த நாலு ஊரிலும் ஒரு டி.என்.பி.எல். போட்டிகூட நடந்தது கிடையாது. பெயர் மட்டும்தான் இருந்தது. பெயரோடு போய்விட்டது.

நெல்லையில் 2016-லிருந்தே போட்டிகள் நடக்கின்றன. டீம் வந்தது 2021-ல். வாழப்பாடி அருகே சேலம் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதுக்கு அடுத்த வருஷமே சேலத்துக்கு டீம். கிரவுண்டு முன்னால் போகிறது, டீம் பின்னால் வருகிறது.

விதிவிலக்கும் இருக்கிறது. திருப்பூரும் திருச்சியும் கிரவுண்டு இல்லாமலே டீம் வைத்திருக்கின்றன. திருப்பூர் பனியன் தொழில் ஊர், காசு புழங்குகிற இடம். திருச்சி பெரிய நகரம். மதுரைக்கு முதல் வருஷத்திலிருந்தே அணி உண்டு. 2018-ல் சாம்பியனும் ஆனது. ஆனால் சொந்த ஊரில் ஆட இடம் இல்லாமல் இருந்தது. அங்கே 2025 அக்டோபரில்தான் வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தை தோனி வந்து திறந்து வைத்தார். பெரிய நகரங்களுக்கே கிரவுண்டு தேவைப்படும்போது, நம்ம ஊர் வெறும் பெயரை மட்டும் கேட்டு என்ன பிரயோஜனம்?

இரண்டு கட்சி, இரண்டு நியாயம்

"10 டீம் ஆக்குங்க, எல்லாம் சரியாயிடும்" என்பது ஒரு கட்சி. இரண்டு டீம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 22 பசங்களுக்கு கூடுதலாகக் களத்தில் இறங்க வாய்ப்பு என்பது அவர்கள் கணக்கு. தப்பில்லை.

"இருக்கிற 8 போதும், ரொம்ப நீட்டினா ருசி போயிடும்" என்பது எதிர்க்கட்சி. அவர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. 8 அணிகள் ஒன்றோடு ஒன்று ஒரு முறை மோதினால் 28 ஆட்டம். 10 அணி என்றால் 45 ஆட்டம். 17 ஆட்டம் கூடுதல். மைதான வாடகை, ஓட்டல், பயணம், லைட் செலவு என்று எல்லாம் ஏறும். அதை டி.வி.யும் விளம்பரமும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இதுக்கு நடுவில் மூன்றாவது சண்டை ஒன்றும் உண்டு. அப்படியே வடக்கே ஒரு டீம் கொடுத்தாலும் யார் பெயரில் கொடுப்பது? 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலை மாவட்டம் உருவாகும் வரைக்கும் வேலூரும் நாமும் ஒரே மாவட்டம்தான். "வேலூர்னு வெச்சா நாங்க கை தட்டமாட்டோம்" என்று இங்கே ஒரு கோஷ்டி. "அண்ணாமலைன்னு வெச்சா அங்க யாரு வருவா?" என்று அங்கே ஒரு கோஷ்டி. பொறக்காத பிள்ளைக்கு பேர் வைக்கிற கதைதான்.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

உண்மையில் டீம் பெயரால் யாருக்கு லாபம்? ரசிகருக்கு சந்தோஷம். சட்டை விற்கிறவருக்கு வியாபாரம். ஆடுகிற பையனுக்கு?

யார்க்கர் நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. கூலி வேலை செய்யும் குடும்பம். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியபோது சேலம் பெயரில் அணியே கிடையாது. அவர் ஆடியது திண்டுக்கல்லுக்கு. அடுத்த வருஷமே ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21-ல் ஆஸ்திரேலியா போய் ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு அறிமுகம் ஆனார்.

அவருக்கு ஊர் பெயரில் டீம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறு. டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு மாற ஒரு வழி, சென்னை லீக் வரை கூட்டிப்போக ஒரு ஆள். அது தெரிந்துதானோ என்னவோ, கையில் காசு வந்ததும் அவர் சொந்த ஊரில் முதலில் கட்டியதில் ஒன்று கிரவுண்டு. 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அதைத் திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக்.

திருவண்ணாமலை பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஏரி காய்ந்தால் அங்கே ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். அறுப்பு முடிந்த வயலிலும் ஆட்டம் நடக்கும். எல்லாம் டென்னிஸ் பந்து. திறமைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் தோல் பந்து, புல்தரை பிட்ச் என்றதும் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கிட் வாங்கக் காசு வேண்டும். சென்னை லீக்கில் ஆட வேண்டும் என்றால் பஸ்ஸிலேயே ஒரு வழிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். தினக்கூலி வாங்குகிற அப்பாவால் எத்தனை வாரம் அனுப்ப முடியும்?

என்ன செய்யலாம்?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். போட்டி நடக்கும் மைதானங்கள் எல்லாம் அரசாங்கம் கட்டிக்கொடுத்தவை அல்ல. நத்தம் மைதானம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கோவை மைதானமும் கல்லூரி மைதானம்தான். நெல்லையில் சிமெண்ட் கம்பெனி மைதானம். மதுரையில் கல்வி அறக்கட்டளை கட்டியது.

நம்ம மாவட்டத்தில் கல்லூரிகளுக்கு என்ன பஞ்சம்? திருவண்ணாமலையிலிருந்து ஆரணி, செய்யாறு வரை வரிசையாக இருக்கின்றன. ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. அதில் ஒரு கல்லூரி முன்வந்து நல்ல புல்தரை பிட்ச் போட்டால், மாவட்ட கிரிக்கெட் சங்க ஆட்டங்களை அங்கே நடத்தலாம். 14 வயது, 16 வயது, 19 வயது என்று பசங்களுக்கான மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளை இங்கே கேட்டு வாங்கலாம். ஃப்ளட்லைட், கேலரி எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஊருக்கு வேறு ஒரு பலமும் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வரும் கிரிவல பக்தர்களைத் தாங்குகிற ஊர் இது. லாட்ஜ், ஓட்டல், பஸ் எல்லாம் இருக்கிறது. சிறு ஊர்களில் போட்டி நடத்துகிறவர்களுக்கு முதல் தலைவலியே வீரர்களைத் தங்க வைப்பதுதான். அந்தத் தலைவலி இங்கே குறைவு. ஜூன், ஜூலையில் பௌர்ணமி தேதியை மட்டும் தவிர்த்தால் போதும். 2024-ல் மாநகராட்சி அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. இல்லாதது கிரவுண்டு ஒன்றுதான்.

அதனால் டீக்கடையில் அடுத்த முறை வாதம் கிளம்பும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். "டீம் எப்போ வரும்?" என்று கேட்டால் பதில் சொல்ல இந்த ஊரில் யாரும் இல்லை. "கிரவுண்டு எப்போ வரும்?" என்று கேட்டால் கல்லூரி நிர்வாகம், மாவட்ட கிரிக்கெட் சங்கம், மாநகராட்சி, எம்.எல்.ஏ. என்று பதில் சொல்ல வேண்டிய நாலு பேர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.