அண்ணா சாலைக் கட்டடத்தின் கதவைத் திறங்கள்



சென்னையில் கைவிடப்பட்ட பழைய கட்டடங்களுக்குள் புகுந்து படமெடுக்கும் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: ஆபத்து, உள்ளே விடாதே, காவலுக்கு ஆள் போடு. அவர்கள் சுவரேறிக் குதிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர்களைத் தடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று கட்டடத்துக்குப் பொறுப்பானவர்கள், அதிலும் பொதுத்துறை நிறுவனங்களும் அரசுத் துறைகளும், இருந்துவிடுவதைக் கண்டிக்கிறேன். ஆள் போகாத இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. அந்தத் தெரியாமையில்தான் கட்டடங்கள் அழிகின்றன.

அண்ணா சாலையின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக 1897-ல் இந்தோ சாரசெனிக் பாணியில் கட்டப்பட்டது. பிற்பாடு எல்.ஐ.சி. வசம் வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றத்துக்குப் போனது. இடிக்கக் கூடாது என்று 2010-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குத் துணைநின்ற பாரம்பரியக் கட்டடப் பட்டியல், விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்குக்காக நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது. பலகை வழக்கு வந்திராவிட்டால் நீதிமன்றத்தின் முன் வைக்க அப்படியொரு பட்டியல் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் கட்டடம் சீர்பெறவில்லை. இடிப்பது நின்றது, இடிவது நிற்கவில்லை. அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் முயற்சியால் எழுந்த கோகலே மண்டபமும் பாதி இடிபட்ட நிலையில்தான் நீதிமன்றத் தடையால் தப்பியது.

இக்கட்டடங்கள் எப்படி விழுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பூட்டுவதன் கேடு விளங்கும். இந்நகரின் பழைய கூரைகளில் பெரும்பாலானவை மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் கலவையோடு அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பார்கள். சருகு அடைத்து ஒரு மழைநீர்க் குழாய் நின்றுபோனால் தண்ணீர் மாடியில் தேங்கும். தேங்கியது கசிந்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியை உளுக்க வைக்கும். நுனி போனால் உத்தரம் இறங்கும், கூரை அதன் பின்னாலேயே வரும். பறவை எச்சத்தில் வந்த அரச விதை முளைவிடும்போது கையால் பிடுங்கிவிடலாம். வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால் சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் மாடிக்கு ஏறிச் சருகள்ளவும் செடி பிடுங்கவும் ஓர் ஆள் இருந்தால் இதில் பெரும்பகுதி நடக்காது.

உள்ளே விட்டால் விபத்து நடக்கும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து, எந்த அறை தாங்கும், எந்தப் படிக்கட்டு தாங்காது என்று குறித்து, பாதை பிரித்து, சிறு குழுவாக அழைத்துப் போவதில் என்ன தடை? முற்றத்தில் நின்று பார்க்க மட்டுமே தகுதி என்றால் முற்றம் வரை விடட்டும். திறந்தால் சுவரில் பெயர் கிறுக்குவார்கள், பொருள் களவு போகும் என்ற வாதம் இன்னும் வலுவற்றது. கிறுக்குவது அசிங்கம்தான். ஆனால் ஒரு தேக்கு உத்தரம் யாருடைய தோள்பையிலும் போகாது. அதற்கு லாரியும் ஆட்களும் பல மணி நேரமும் வேண்டும். மாதம் ஒருமுறை நூறு கண்கள் பார்த்து, படமெடுத்து, தேதியிட்டு வைத்திருக்கும் கட்டடத்தில் அதைச் செய்வது கடினம். தனியார் சொத்துக்கு உரிமையாளரின் இசைவு வேண்டும் என்பதை ஏற்கிறேன்; பொதுத்துறையின் சொத்துக்கு அந்த வாதம் பொருந்தாது.

இனிமேல் சீர்செய்ய முடியாது என்போருக்குச் சேப்பாக்கமே பதில். ஆர்க்காட்டு நவாபின் கலசமகால் 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கூரையிழந்து கரியாய் நின்ற அதைப் பொதுப்பணித் துறைதான் மீட்டெடுத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. பக்கத்திலிருக்கும் ஹுமாயூன் மகாலும் அதன் பிறகு சீரமைக்கப்பட்டது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளும் தெரிந்துகொண்ட பொறியாளர்களும் அரசிடமே இருக்கிறார்கள்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வர பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தாமதத்தை ஈடுசெய்ய அரசு இதையாவது செய்யட்டும்: அரசு, பொதுத்துறை வசம் இருக்கும் ஒவ்வொரு பூட்டிய பழங்கட்டடத்தின் நிலை குறித்தும் ஆண்டுதோறும் பொறியாளர் அறிக்கையைப் படங்களோடு வெளியிட வேண்டும், கட்டடக் கலை மாணவர்களை அளவெடுத்து வரைபடம் தயாரிக்க உள்ளே அனுமதிக்க வேண்டும், பொதுமக்களுக்கு முன்பதிவில் மேற்பார்வையோடு பார்வை நாள்கள் ஒதுக்க வேண்டும். முதல் கதவாக பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் கதவு, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே திறக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை