பிள்ளை அரசு வக்கீலானா என்ன சார் குறைஞ்சு போகும்?

எங்க சொசைட்டியில் மொத்தம் ஆறு தமிழ்க் குடும்பம். ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஜாதகம் ஒண்ணுதான். பன்னிரண்டாவது, ஜேஇஇ கோச்சிங், இன்ஜினியரிங், ஹிஞ்சவாடியில் வேலை, அப்புறம் விசா. நடுவில் ஒரு பிள்ளை "நான் சட்டம் படிக்கிறேன்" என்று வாய் திறந்தால் வீட்டில் கரண்ட் போன மாதிரி ஒரு அமைதி. "கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு கோர்ட் வாசல்ல நிக்கவா உன்னை இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சேன்?"

மிகைப்படுத்தலை மக்களே. போன மாசம் பி விங் பெண், பி.காம் கடைசி வருஷம், லிஃப்டில் என்னைப் பிடித்துக் கேட்டாள். "அங்கிள், சைபர் கிரைம் கேஸ்ல கவர்மென்ட் பக்கம் வாதாடற வக்கீலாகணும்னா என்ன பண்ணணும்?" பக்கத்தில் நின்ற அப்பா சிரித்தார். "விடுங்க சார், ஏதோ வீடியோ பாத்துட்டு பேசுது. அந்தச் சம்பளத்துல புனேல ஒரு ஃபிளாட் வாங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வரலை. ஆறு மாசம் முன்னாடி இதே மனுஷன்தான், மாமனார் போலி டிரேடிங் ஆப்பில் விட்ட ஓய்வுப் பணம் எங்கே போச்சுன்னு தெரியாம என் எதிரே உட்கார்ந்து, "இவனுங்களை ஜெயில்ல போடவே மாட்டாங்களா சார்?" என்று கேட்டவர். போடணும்னா யாராவது கோர்ட்டில் நிக்கணுமே சார். யார் வீட்டுப் பிள்ளை நிக்கும்?

கணக்கைப் பாருங்க (நமக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்). சைபர் மோசடியில் இந்திய மக்கள் இழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை, 2023ல் 7,465 கோடி ரூபாய். 2024ல் 22,845 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. 2023ல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கு வந்த புகார்கள் கிட்டத்தட்ட 16 லட்சம். அதே வருஷம் நாடு முழுக்கப் பதிவான சைபர் குற்ற வழக்குகள், தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 86,420. இரண்டும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை இல்லைதான். எல்லாப் புகாரும் வழக்காகாது. ஆனாலும் அந்த இடைவெளி கண்ணை உறுத்தலையா?

பணம் போற பாதை எங்களுக்கு அத்துப்படி. ஏமாந்தவர் கணக்கிலிருந்து முதலில் ஒரு வாடகைக் கணக்கு. கமிஷனுக்கு ஆசைப்பட்ட யாரோ ஒரு பையன் பெயரில், அல்லது லெட்டர்பேடில் மட்டும் இருக்கும் கம்பெனி பெயரில் கரண்ட் அக்கவுண்ட். சில நிமிஷத்தில் அங்கிருந்து பத்து கணக்கு, பத்திலிருந்து முப்பது. கடைசியில் ஏடிஎம், இல்லேன்னா கிரிப்டோ. 1930க்கு உடனே போன் பண்ணினால் நடுவில் கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைக்க முடியும். நிறுத்திய பணம் உரியவர் கைக்குத் திரும்பறதுக்கும் பல சமயம் கோர்ட் உத்தரவு வேணும். ஆக எல்லா வழியும் கடைசியில் கோர்ட்டில்தான் போய் முட்டுது.

அங்கே என்ன நடக்குது? சாட்சியாக வங்கி ஸ்டேட்மென்ட்டைத் தூக்கிக்கொண்டு நான் கோர்ட் படி ஏறியிருக்கேன். ஒரு தடவை, எந்த ஊர் என்று வேண்டாம், அரசு வழக்கறிஞர் அன்று காலையில்தான் கட்டைப் பிரித்தார். அவர் மேஜையில் அன்றைக்கு மட்டும் ஒரு அடுக்கு வழக்கு. அடிதடி, செக் ரிட்டர்ன், வண்டித் திருட்டு, நடுவில் எங்களுது. வராந்தாவில் வைத்து, "இந்த யூடிஆர் நம்பர்னா என்ன?" என்று என்னையே கேட்டார். நல்ல மனுஷன், பாவம். ஆனால் ஒரு பரிவர்த்தனையை இன்னொன்றோடு கோர்க்கிற நூலே அந்த நம்பர்தான். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளுக்குச் சான்றிதழ் எங்கேன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை. அன்றைய வேலை அத்தோடு முடிஞ்சது.

இந்தச் சான்றிதழ் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா வழக்கு சாகிற இடம் இதுதான். மின்னணு ஆவணம் கோர்ட்டில் நிற்கணும்னா பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் வேணும். 2014ல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. 2018ல் வேறொரு வழக்கில் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், அதுவும் நம்ம மகாராஷ்டிராவிலிருந்து போன தேர்தல் வழக்கு, மறுபடி கட்டாயம் என்று முடித்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சாட்சியச் சட்டம். இப்போ 63வது பிரிவு. சான்றிதழ் இரண்டு பாகம், ஒன்றைக் கருவிக்குப் பொறுப்பானவர் தரணும், இன்னொன்றை நிபுணர் தரணும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்கணும். ஹாஷ் என்பது கோப்போட கைரேகை மாதிரி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிடும். இது போக எங்க லெட்ஜர் நகலுக்கு 1891ம் வருஷத்து வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி தனிச் சான்றிதழ். 1891 மக்களே! வெள்ளைக்காரன் பேரேட்டுக்குப் போட்ட சட்டத்தில் யுபிஐ போய் நிக்குது :-)

இதையெல்லாம் குற்றப்பத்திரிகை போகும் முன்பே உட்கார்ந்து சரிபார்க்க ஒரு ஆள் வேண்டாமா? இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கு. மேற்கு வங்கம், நதியா மாவட்டம், கல்யாணி கோர்ட். டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டி ஒரு முதியவரிடம் சுமார் ஒரு கோடி பிடுங்கிய வழக்கில், 2025 ஜூலையில் 9 பேருக்கு ஆயுள் தண்டனை. வழக்கு பதிவாகி ஒரு வருஷம்கூட ஆகலை. வெவ்வேறு மாநிலத்து ஆட்கள் குற்றவாளிகள், பல வங்கி மேலாளர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். நடத்தியது சைபர் வழக்குகளிலேயே பழுத்த சிறப்பு அரசு வழக்கறிஞர் பிவாஸ் சட்டர்ஜி. அவ்வளவு தூரம் ஏன், நம்ம சென்னை எழும்பூர் கோர்ட்டில் 2004லேயே, ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசமாக எழுதியவனுக்குச் சுமார் ஏழு மாதத்தில் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போ தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கே வயசு நாலு.

இந்தப் பக்கம் பாருங்க. 2018 ஆகஸ்டில் இதே புனேயில் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினிக்குள் புகுந்து 94 கோடிக்கு மேல் சுருட்டினார்கள். 11 பேருக்குத் தண்டனை வந்தது 2023 ஏப்ரலில். நாலு வருஷம் எட்டு மாசம்! அதுவும் கார்டு தேய்த்துப் பணம் எடுத்த வகையறா.

குற்றம் வழக்கறிஞர்கள் மேல் இல்லை. அரசாங்கங்கள் மேல். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் ஏ.பி.பி. தேர்வு எழுதி வருகிற நிரந்தர ஊழியர். ஆனால் செஷன்ஸில் நிற்கும் பி.பி. பதவி பல மாநிலங்களில் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார், இது ஊரறிஞ்ச ரகசியம். சட்ட அதிகாரிகள் நியமனத்தில் இஷ்டத்துக்குச் செய்யாதீர்கள் என்று 2016ல் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. போலீசிலிருந்து வழக்கு நடத்தும் துறையைப் பிரி என்று 1995லேயே இதே மகாராஷ்டிராவுக்குச் சொல்லியாச்சு. சைபர் காவல் நிலையம் திறக்கிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள், போட்டோ வருது. அந்த நிலையத்துக்கென்று படித்த வழக்கறிஞர் ஒருவரை, இந்த வழக்குகளை மட்டும் பார் என்று, பத்து வருஷம் ஒரே இடத்தில் உட்கார வையுங்களேன்? அதற்கு ரிப்பன் கிடையாது.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நாம தப்பிக்க முடியாது. ஆள் வேணும்னா பிள்ளை வேணும். அந்தப் பெண்ணிடம் சொன்னதையே இங்கேயும் சொல்றேன். பி.காமுக்கு அப்புறம் மூன்று வருஷ எல்எல்பி. பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. (பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்க.) அப்புறம் கிரிமினல் பக்கம் நல்ல சீனியர் ஒருவரிடம் சில வருஷம். அந்த வருஷங்களில் காசு பெரிசா வராது, மறைக்க மாட்டேன். நம்ம குடும்பங்கள் தாங்க வேண்டிய செலவு அதுதான். இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கட்டத் தயாரா இருந்த பணத்தில் பாதி போதும்.

ஏ.பி.பி. தேர்வை இங்கே எம்பிஎஸ்சி நடத்துது, தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி. சிபிஐயின் அரசு வழக்கறிஞர்களை யுபிஎஸ்சி எடுக்குது. அனுபவத் தகுதி இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பை ஒழுங்காகப் படிக்கணும். பி.பி. ஆக ஏழு வருஷப் பயிற்சி, சிறப்பு பி.பி. ஆகப் பத்து வருஷம், இது புதுச் சட்டத்திலும் அப்படியே இருக்கு.

பி.காம் படிச்சுட்டோமேன்னு அந்தப் பெண் வருத்தப்பட்டாள். ஏம்மா, அதுதான் உன் சொத்து! ஸ்டேட்மென்ட் படிக்கத் தெரிஞ்ச வக்கீலுக்கு இந்த வழக்குகளில் இருக்கும் கிராக்கி கொஞ்சநஞ்சமில்லை. இன்னொன்று, நம்ம பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்ததுகள். கடைக்காரரிடம் மராத்தி, ஸ்கூலில் இந்தி, வீட்டில் தமிழ். ஏமாந்தவர் கோயம்புத்தூர், கணக்கு லாத்தூர், சிம் கார்டு ராஜஸ்தான் என்று ஓடுகிற வழக்கில் மூன்று ஊர் ஆவணத்தையும் தானே படிக்கிற வக்கீல் எத்தனை பேர் இருப்பாங்க? இவ்வளவு நாளாக, பிள்ளைக்குத் தமிழ் சரியா எழுத வரலை, எந்த ஊருமில்லாமப் போச்சுன்னு புலம்பிக்கிட்டிருந்தோமே, அந்தப் பிள்ளைக்குத் தோதான வேலை இது.

ஒரு எச்சரிக்கை. ஆறு வாரத்தில் சைபர் லா டிப்ளமோ என்று விளம்பரம் பண்ணுகிற கடைகளில் போய்ப் பணம் கட்டாதீங்க. அந்தக் காகிதத்தைப் பார்த்து எந்த கோர்ட்டும் எழுந்து நிக்காது. ஆழமாப் படிக்கணும்னா போபால் தேசிய சட்டப் பல்கலையில் சைபர் சட்டத்துக்கென்றே முதுகலை இருக்கு. காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலை இருக்கு.

அரசு வேலை அமையாட்டியும் படிப்பு வீணாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநிலத்தின் ஐடி செயலரிடமே இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், 5 கோடி வரைக்கும். 2010ல் தமிழ்நாட்டில் ஃபிஷிங்கில் பணம் இழந்த ஒரு வெளிநாடு வாழ் வாடிக்கையாளருக்கு 12 லட்சத்து 85 ஆயிரம் கொடுக்கச் சொல்லி ஒரு வங்கிக்கு உத்தரவு வந்தது. வங்கிக்காரன் நானே இதைச் சொல்றேனேன்னு எங்க ஆபீஸில் யாரும் கோவிச்சுக்காதீங்க :-)

பி விங் அப்பாவுக்கு இந்த லிங்க்கை இன்னைக்கே அனுப்பறேன். எம்பிஎஸ்சி ஏ.பி.பி. பாடத்திட்டம் வேணும்னு வேற யாராவது இருந்தால் கேளுங்க, மராத்தியில் இருக்கும், உட்கார்ந்து படிச்சுச் சொல்றேன்.